வால்வு வளர்த்த புதினா

ஆவடிச் சுற்றுவட்டாரத்தில் வால்வைப் போலத் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்த மனிதர் இதுவரை பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கப் போவதுமில்லை. மழைகூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பெய்யும் என்று என் அப்பா சொல்வார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நான் பாவாடை சட்டையோடு திரிந்த காலத்திலேயே அவர் வால்வுதான். பம்ப் ஹவுஸில் மோட்டார் போடுவதும், லைன் லைனாகப் போய் வால்வைத் திறந்து மூடுவதும் அவர் உத்தியோகம். தோளில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி இருக்கும். எங்கள் லைனில் ஓர் அம்மாள், தண்ணீர் நாறுகிறது என்று மேலதிகாரிக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். அடுத்த சில நாட்கள் எங்கள் குழாய்களில் காற்றுதான் வந்தது. அந்த அம்மாள் குடத்தோடு போய் நின்றபோது வால்வு நிதானமாகக் கேட்டார்: "இப்ப நாறுதா?"

ஒன்று சொல்ல வேண்டும். சாவு வீட்டுக்கு மட்டும் அவர் கணக்குப் பார்த்ததே இல்லை. யாராவது இறந்துவிட்டால், எவரும் போய்க் கேட்க வேண்டியதில்லை. வருகிறவர்கள் குளிக்க வேண்டும், வீட்டைக் கழுவ வேண்டும் என்று அந்த லைனுக்கு வால்வை முழுசாகத் திறந்துவிட்டுப் போய்விடுவார். நேரம் கெட்ட நேரத்தில் குழாய் சீறினால், "ஐயோ, யாரு போனது?" என்றுதான் அம்மா கேட்பாள்.

காலம் ஓடி, அவரும் ரிட்டயர் ஆகி, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஃபிளாட் வாங்கினார். எதிர்க் கதவு என்னுடையது. விதி யாரை விட்டது? தலை நரைத்த பிறகும் நான் அவருக்கு 'பாப்பா'தான்.

அவர் மனைவி சரசு அத்தை அவருக்கு நேர் எதிர். நான்கு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பாள். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பாள். ஊரிடம் இவர் மிச்சம் பிடித்ததையெல்லாம் வீட்டில் அத்தை குடித்துத் தீர்க்கிறாள் என்று குவார்ட்டர்ஸில் ஒரு பேச்சு உண்டு. அந்த அத்தைக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். டாக்டர் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் இதற்குள் அடக்கம், மீறினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார்.

வால்வுக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது. சமையலறைக் குழாய்க்குப் பூட்டு போட்டார். இருமல் மருந்து மூடியில் தண்ணீர் அளந்து கொடுத்தார். விருந்தாளி யாராவது தண்ணீர் கேட்டால், அத்தை கண்ணில் படாமல் கீழே கூட்டிக்கொண்டு போய், வாட்ச்மேன் அறைப் பானையில் மொண்டு கொடுத்து, படியேற்றிக் கூட்டி வருவார். மூச்சிரைக்க வந்து உட்காருகிறவருக்கு மறுபடி தாகம் எடுக்கும். அடுத்த முறை அந்த விருந்தாளி எங்கள் வீட்டோடு நின்றுகொள்வார்.

சித்திரை மாதம் மாங்காடு கோயிலுக்குப் போனார்கள். வால்வு செருப்பைத் தேடித் திரும்பிய நேரத்தில், அத்தை நீர்மோர்ப் பந்தலில் புகுந்துவிட்டாள். சாயங்காலமே மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, அவள் புருஷனிடம் சொன்ன முதல் வார்த்தை, "மோரு நல்லா இருந்துச்சுய்யா." வால்வு வராந்தாவுக்கு வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அங்கே ஒரு நர்ஸ்தான் வழி சொன்னாள். நாக்கு வறண்டால் ஒரு புதினா இலையை மெல்லச் சொல்லுங்கள், கொஞ்சம் அடங்கும்.

வால்வு மார்க்கெட்டுக்குப் போனார். புதினாக் கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, எந்தத் தண்ணீரில் கழுவினாய் என்று விசாரித்தார். கடைக்காரன் சும்மா இருந்திருக்கலாம். "பின்னாடி வாய்க்கால்லதான். மினரல் வாட்டர்லயா கழுவுவாங்க?" என்றானாம். வெறுங்கையோடு திரும்பினார். பால்கனித் தொட்டியில் வைத்ததைப் புறாக்கள் பார்த்துக்கொண்டன. கடைசியில் ஓசூரில் இருக்கிற மகள் செடி வளர்க்கிற மிஷின் ஒன்றை வாங்கி அனுப்பினாள்.

மிக்ஸியைவிடக் கொஞ்சம் நீளமான வெள்ளைப் பெட்டி. மண்ணே கிடையாது. கீழே தண்ணீர்த் தொட்டி, மேலே ஓட்டைகள், ஓட்டைக்குள் பஞ்சு, பஞ்சில் புதினாத் தண்டு, அதன் தலைக்கு மேல் விளக்கு. குட்டி மோட்டார் ஒன்று தண்ணீரைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் குறைந்தால் பீப் பீப் என்று கத்தும். வால்வு முதல் வேலையாக மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். "இதுவாம்மா மோட்டாரு? நான் தும்முனா இத்தவிட ஜாஸ்தி வரும்!" ஆனாலும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத்தான் அதற்கு ஊற்றினார்.

முதல் இலை வந்த அன்று என்னையும் கூப்பிட்டார். இலையைக் கிள்ளி அத்தையின் நாக்கில் வைத்து, "மெல்லு. ஒடனே முழுங்காத, ஓரமா வெச்சிக்க" என்றார். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். "குளுகுளுன்னு இருக்குய்யா," என்றாள். அந்த மனிதர் முகத்தில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான்.

வேறு யாருக்கும் ஓர் இலை கிடையாது. கீழ்வீட்டு பாய் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பிரியாணி கொடுத்தனுப்புவார்கள். அதைக் கைநீட்டி வாங்கிக்கொள்வார். அவர்கள் ஒரு கொத்துப் புதினா கேட்டால், "இது மருந்தும்மா" என்று கதவைச் சாத்துவார்.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தோம். ஒரு நாள் அத்தை உடைந்துவிட்டாள். "நாள் பூரா அது சலசலன்னு கொப்பளிக்குது. படுத்துக்கினு அதையே கேட்டுக்கினு கீறேன். அது பீப்னு கத்துனா ஓடிப்போய் ஊத்துறியே, நான் எத்தினி நாளா கத்துறேன்? அடுத்த ஜென்மத்துல நான் புதினாவாப் பொறக்கறேன்யா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டு மணி அடித்தது. வால்வு மிஷினைக் குழந்தையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பாப்பா, இது இனிமே உன் ஊட்லதான். அவ காதுல தண்ணி சத்தம் வுழக்கூடாது."

"இங்க இடம் இல்லையே மாமா."

"மிக்ஸிய கீழ எடுத்து வெய்யி. நீ இன்னா டெய்லியுமா சட்னி அரைக்கிற?"

அவ்வளவுதான். என் சமையல் மேடையில் வால்வின் ஆட்சி ஆரம்பித்தது. காலையும் மாலையும் ரவுண்ட்ஸ் வருவார். பக்கத்தில் தாளிக்கக் கூடாது. தும்மக் கூடாது. தண்ணீரை அவரைத் தவிர யாரும் ஊற்றக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சபலப்பட்டு, எலுமிச்சை ஜூஸில் ஓர் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டார். சாயங்காலம் வால்வு வந்து, குனிந்து பார்த்து, "யாரு கை வெச்சது?" என்றார். என்னவரும் பாங்கு வேலையில் கெட்டிக்காரர், "காத்துல உதிர்ந்திருக்கும் சார்" என்று சமாளித்தார்.

"காத்து நகத்தால கிள்ளுமா நைனா?"

அதற்குப் பிறகு வால்வு வருகிற நேரத்தில் என்னவர் மொட்டை மாடிக்கு வாக்கிங் போக ஆரம்பித்தார். உடம்பு இளைத்தது. இதற்கு வால்வு நன்றி எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அத்தை அதைவிட வேகமாக இளைத்தாள். கையில் ஊசி குத்த இடமில்லாமல் போனது. இதயமும் தளர்ந்துவிட்டது. இனி டயாலிசிஸை உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் அளவு என்ன என்று வால்வு கேட்டிருக்கிறார். அளவு கிடையாது, கேட்கிறதையெல்லாம் கொடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. இதை மகள் என்னிடம் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அத்தை வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில், எதிர்வீட்டில் குழாய் சீறுகிற சத்தம் கேட்டது. ஓடினேன்.

பூட்டு மேடையில் கிடந்தது. குழாய் முழுசாகத் திறந்திருந்தது. அடியில் சொம்பைப் பிடித்துக்கொண்டு வால்வு நின்றிருந்தார். நிரம்பி வழிந்து அவர் வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது.

"மாமா, சொம்பு ரொம்பிடுச்சு."

"ரொம்பட்டும் பாப்பா. ஒரு கொத்து புதினா எடுத்துக்கினு வா," என்றார். கேட்காமலே எனக்குக் கிடைத்த அனுமதி. கிள்ளிக்கொண்டு வந்தேன்.

சொம்பில் அதைக் கசக்கிப் போட்டு, அத்தையின் முதுகுக்குக் கை கொடுத்து நிமிர்த்தினார். அண்ணாந்து குடிக்க அவளுக்குத் தெம்பில்லை. உதட்டில் வைத்துச் சரித்தார். ஒரு வாய். இன்னொரு வாய்.

"குடி சரசு. இன்னிக்கிக் கணக்கு இல்ல."

"போதும்யா. எறங்கல." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "மிச்சத்த அந்தச் செடிக்கு ஊத்து. பாவம், அதுக்கும் தாகமா இருக்கும்."

மறுநாள் போய்விட்டாள். அந்தச் சொம்பை வால்வு என் வீட்டுக்கு எடுத்து வந்து, இலைகளை அரித்துவிட்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் மிஷினில் ஊற்றினார். நான் அழுதேன். அவர் அழவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மகள் ஓசூருக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். "செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று சொல்லி அவர் போகவில்லை. இப்போது பாய் வீட்டுப் பிரியாணிக்குக் கேட்காமலே புதினா போகிறது, என் வீட்டுக்காரர் ஜூஸுக்கும் உண்டு. மற்றபடி வால்வு எவரோடும் பேசுவதில்லை, கடைக்குக்கூடப் போவதில்லை, கதவு சாத்தியே கிடக்கிறது. மிஷின் கத்தினால் மட்டும் சொம்போடு வருவார். ஊற்றுவார். கொஞ்ச நேரம் உட்காருவார். தண்ணீர் எங்கேயோ ஒழுகுகிறது என்று என்னைத் திட்டுவார். நான் கொடுக்கிற இரண்டு இட்லியைச் சாப்பிடுவார்.

அந்த மிஷினுக்குத் தண்ணீர் ஊற்ற எனக்குத் தெரியாதா என்ன? தொட்டி வற்றுகிற வரைக்கும் விட்டுவிட்டு, அது கத்த ஆரம்பித்ததும் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இட்லி ஊற்றப் போய்விடுவேன்.