சிவப்புக் கட்டத்தில் ஒரு ரயில் டிக்கெட்

வேலை செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். செய்யாதவர்களை அதைவிட நன்றாகத் தெரியும். வேலை செய்யத் தயாராகிறவர்கள் என்று மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? சோம்பேறிகள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிற ஜீவன்கள். எழுந்ததும் என்ன செய்வார்கள்? ஐந்து மணிக்கு எழுந்ததைக் குறித்துவைப்பார்கள்.

இந்த இனத்தில் ஒருவரை ஸ்ரீவித்யா பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறாள். அவள் புருஷன் கோகுல்நாத். கோயமுத்தூர்க்காரர், புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கோந்த்வா வீட்டுக் கூடத்தில், டிவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை. இந்த வருஷத்து லட்சியம், இந்த மாதத்து லட்சியம், அவசரமும் முக்கியமுமானதற்குச் சிவப்புக் கட்டம், முக்கியம் ஆனால் அவசரமில்லாததற்கு நீலம், இரண்டும் இல்லாததற்கு மஞ்சள் என்று, ஒழுகுகிற குழாயிலிருந்து மாமனாருக்குப் போன் பேசுவது வரை எல்லாம் ஏதோ ஒரு நிறத்தில் உட்கார்ந்திருக்கும். எழுந்து நடக்காது. மாமனார் மஞ்சள்.

வீட்டு வேலைக்கு வரும் ராஜஸ்ரீ முதல் நாளே மராத்தியில் கேட்டாள்: "வஹினி, சாஹேப் டீச்சர் ஆஹேத் கா?" வாத்தியாரா என்றால் என்ன சொல்வது? ஸ்ரீவித்யா சிரித்துவைத்தாள்.

பலகை போதாதென்று மணிக்கட்டில் ஒரு பட்டை. ராத்திரித் தூக்கத்தை அளந்து, இன்றைக்கு உடம்பில் எத்தனை சதவீதம் தெம்பு என்று அது சொல்லும். தெம்பு குறைந்த நாளில் சிவப்பு வேலையைத் தொடக் கூடாது. விதி.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த டிக்கெட் மாட்டிக்கொண்டது. ஸ்ரீவித்யாவின் தங்கை ப்ரியம்வதாவுக்குப் பொங்கல் கழிந்து கோயமுத்தூரில் கல்யாணம். அறுபது நாள் முன்னால் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். பொங்கல் சமயத்தில் எட்டு ஐந்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான்.

"ஏனுங்க, நானே போட்டுறட்டுங்களா?" என்று முந்தின நாளே கேட்டாள்.

"நீ எதுக்கு? அது என்னோட ரெட் பாக்ஸ். ரெண்டு வாரமா அங்கதான் இருக்கு."

மறுநாள் ஏழு ஐம்பதுக்கே லேப்டாப் திறந்தது. நாற்காலி உயர்ந்தது, தாழ்ந்தது. வெந்நீர் வந்தது. ஏழு ஐம்பத்தாறுக்குப் பட்டையைப் பார்த்த கோகுல்நாத்தின் முகம் வாடியது.

"நாப்பத்தொண்ணுதான் காட்டுது, வித்யா. இந்த எனர்ஜில ரெட்டைத் தொட்டாத் தப்பாயிரும். கொஞ்சம் மூச்சுப் பயிற்சி பண்ணி அறுபதுக்கு ஏத்திர்றேன்."

"எட்டாகப் போகுதுங்க."

"டென்ஷன் ஆகாதே. உன் எனர்ஜியும் எறங்கிரும்."

கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ரீவித்யா ஒரு நொடி அவரைப் பார்த்தாள். சமையலறைக்குள் போய்க் குக்கர் இருந்த அடுப்பைத் தணித்தாள்.

அவர் கண் திறந்தபோது தெம்பு அறுபத்திரண்டு. மணி எட்டு எட்டு. வெயிட்டிங் லிஸ்ட் நூற்றுப் பன்னிரண்டு.

"போச்சு!" என்றார். "உங்கப்பாகிட்ட என்னன்னு சொல்றது?"

ஸ்ரீவித்யா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை அவர் முன்னால் வைத்தாள். மூன்று டிக்கெட். மூன்றும் உறுதி. மகள் வைஷுவுக்குக் கீழ்ப் படுக்கை.

"ரெண்டாவது விசில் வர்றதுக்குள்ள போட்டுட்டேனுங்க."

கோகுல்நாத் பெருமூச்சு விட்டார். நேராகப் பலகைக்குப் போனார். சிவப்புக் கட்டத்தில் பச்சை மையால் பெரிதாக ஒரு டிக் அடித்து, நாலடி பின்னால் நகர்ந்து நின்று ரசித்தார்.

"பாத்தியா வித்யா? எழுதி வச்சா எதுவும் நடந்துரும்."

"யாரு முடிச்சதுன்னும் பக்கத்துல எழுதுங்களேன்."

அவர் பலகையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகத் தேடினார்.

"அதுக்குக் கட்டமே இல்லையே."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால், எந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்? இதை முடித்துவிட்டுத் தெம்பாக ஆரம்பிக்கலாம் என்றுதானே? எதற்கும் சமையலறைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். விசிலை எண்ணிக்கொண்டே அதை யாரோ முடித்துக்கொண்டிருக்கலாம்.