இல்லாத கடைக்கு வந்த குடைகள்

காலை ஒன்பதரைக்குக் கதவைத் திறந்தால், வாசலில் ஓர் அம்மாள் கம்பி முறிந்த குடையோடு நின்றிருந்தார்.

"குடை ரிப்பேர் இங்கதானே?"

நம் ஆள் கதவு எண்ணை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். விலாசம் சரிதான். ஆனால் அப்படி ஒரு கடை உலகத்திலேயே கிடையாது.

"ஒரு நிமிஷம் உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

வேலையை விட்டுவிட்டு, "இனிமே ஆன்லைன்ல வெப்சைட் பண்ணித் தருவேன், எனக்கு நானே முதலாளி" என்று அவன் அறிவித்து மூன்று மாதம் ஆகிறது. இதுவரை நாற்பத்தொரு பேருக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். ஆறு பேர் பதில் எழுதினார்கள். ஆறு பேருக்கும் ஒரே கேள்விதான்: இதற்கு முன்னால் யாருக்குச் செய்தீர்கள்? கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதை.

மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். எதையும் ரத்தப் பரிசோதனை முடிவு மாதிரிதான் சொல்வாள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. ஒரு கிளையண்ட்கூட வரலேன்னா, அண்ணனோட டைல்ஸ் கடைக்குப் போயிடுங்க. நாற்காலி காலியா இருக்காம்."

அந்த நாற்காலியை அவன் பார்த்திருக்கிறான். மச்சானின் மேசைக்கு நேர் எதிரே, கொட்டாவி விட்டால்கூடத் தெரிகிற தூரத்தில் போட்டிருந்தது. செத்தாலும் அதில் உட்காரக்கூடாது என்று முடிவு செய்தான்.

முதல் கிளையண்ட் வராவிட்டால் என்ன, நாமே ஒருவரை உண்டாக்கிவிட்டால் போயிற்று. இல்லாத கடை ஒன்றுக்கு மாதிரி வெப்சைட் செய்யலாம். என்ன கடை? சாப்பிடும்போது வீட்டில் கேட்டான். பேப்பருக்குப் பின்னால் இருந்து மாமனாரின் குரல் வந்தது.

"குடை ரிப்பேர்னு போடுங்க மாப்பிள்ளை. இந்தக் காலத்துல யாரு குடையை ரிப்பேர் பண்றா? ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காது."

மாமனார் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, ஸ்க்ரூட்ரைவரைத் தொட்டால்கூட மகள் பேசமாட்டாள். துணிப்பையை மாட்டிக்கொண்டு காலையில் பார்க்குக்கு நடந்துவிட்டு வருவது ஒன்றுதான் பாக்கி. மழை பிடித்துக்கொண்டதில் பத்து நாளாக அதுவும் நின்றுபோயிருந்தது.

இரண்டே நாளில் 'குடை கிளினிக்' தயாரானது. படங்கள், விலைப்பட்டியல், நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று சொந்த வீட்டு விலாசம். கீழே, 'இந்த வெப்சைட் வந்த பிறகு வியாபாரம் மூன்று மடங்கு, உரிமையாளர்' என்று ஒரு வரி. அந்த வரியில் மீன் மாட்டியது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் ஒருவர் ஃபோனிலேயே கூப்பிட்டார்.

"சைட் பிரமாதம் தம்பி. சனிக்கிழமை அந்தக் கடை ஓனரை நேர்ல பாத்து ரெண்டு வார்த்தை கேட்டுட்டு முடிவு சொல்றேன்."

"தாராளமா வாங்க சார்" என்றான் நம் ஆள். நாக்கு அவனுக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் போகும்.

அது நேற்று. இன்று செவ்வாய்க்கிழமை. ஓனரே இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் வாசலில் வாடிக்கையாளர். மாமனாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

மாமனார் பேப்பரை நிதானமாக நான்காக மடித்தார்.

"பொய் சொன்னது தப்பு மாப்பிள்ளை."

"தப்புதான் மாமா. சனிக்கிழமை வரைக்கும் நீங்கதான் ஓனரா இருக்கணும். என் மானமே உங்க கையில."

"சரி, உங்களுக்காக" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்தார். குறடு, மெல்லிய கம்பி, ஸ்பிரிங் எல்லாம் அளவு வாரியாக இருந்தன. பத்து நிமிஷத்தில் குடை எழுந்து நின்றது.

"மகளுக்குத் தெரிய வேண்டாம்."

"சத்தியமா சொல்லமாட்டேன் மாமா."

புதன்கிழமை நாலு பேர் வந்தார்கள். கூட்டத்தைக் குறைக்க நம் ஆள் சைட்டில் விலையை இரண்டு மடங்காக்கினான். வியாழக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள்.

"விலையை ஏத்தினா தரமான கடைன்னு நினைச்சுக்கறாங்க மாமா. இதுதான் மார்க்கெட்டிங்."

"அப்படியா" என்றார் மாமனார், வாயில் ஒரு கம்பியைக் கடித்தபடி.

'இரண்டு வாரத்துக்கு இடமில்லை' என்று சிவப்பு எழுத்தில் போட்டான். வெள்ளிக்கிழமை மாடிப்படியில் வரிசை நின்றது. இடமில்லை என்றால் ஜனங்களுக்கு ஆசை கூடிவிடுகிறது என்பது அவனுக்கு அன்றுதான் புரிந்தது. எத்தனை பேர் சைட்டைப் பார்த்தார்கள் என்று திறந்து பார்த்தான். மொத்தமே ஐந்து என்று காட்டியது.

"எண்ணிக்கை காட்டறதுல ஏதோ கோளாறு மாமா. இத்தனை பேர் வந்திருக்காங்க, அஞ்சுங்குது."

மாமனார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "மெஷினை நம்பாதீங்க மாப்பிள்ளை. கண்ணால பாக்கறதை நம்புங்க."

அன்று மனைவி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். கை கழுவப் போனவள் குளியலறையில் பதினோரு குடைகளைக் கண்டாள்.

"என்ன இது?"

நம் ஆள் நெஞ்சை நிமிர்த்தினான். "நான்தான் காரணம். எல்லாரும் என் சைட்டைப் பாத்து வந்தவங்க. மாமா மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் கெஞ்சி உக்கார வெச்சேன். நாளைக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் கடை ஓனரைப் பாத்துட்டு எனக்கு வேலை தரப்போறாரு."

"மாப்பிள்ளையே கேட்டுட்டாரும்மா" என்றார் மாமனார், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு. "எப்படி மறுக்கறது?"

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாளைக்கு அந்த ஆளு சரின்னு சொல்லிட்டா, இது நடக்கட்டும். இல்லேன்னா அப்பா கட்டிலுக்கு, நீங்க நாற்காலிக்கு."

சனிக்கிழமை டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தபோது நல்ல மழை. கேட்டிலிருந்து முதல் மாடி வரை, உடைந்த குடைகளைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர் நனைந்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஒதுக்கிக்கொண்டு வருவதற்குள் அவர் பாதி மயங்கிவிட்டார்.

"பெரியவரே, இந்தத் தம்பி வேலை எப்படி?"

மாமனார் தலை நிமிரவில்லை. "போன மாசம் வரைக்கும் சும்மா காத்து வாங்கிட்டிருந்தேன். இப்ப மூச்சு விட நேரமில்ல. நீங்களே பாக்கறீங்களே."

டிரைவிங் ஸ்கூல்காரர் நம் ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எனக்கும் இதே மாதிரி கூட்டம் வரணும். திங்கக்கிழமை ஆரம்பிச்சுடுங்க தம்பி."

அவர் படியிறங்கியதும் மனைவி ஃபோனை எடுத்தாள். "அண்ணே, அந்த நாற்காலிக்கு வேற ஆளைப் பாத்துக்க." சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு நம் ஆளுக்குக் கண் கலங்கியது. மூன்று மாதத்தில் அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

முதலாளி என்றால் அடுத்த வேலையை உடனே பார்க்க வேண்டாமா? வரிசையில் செவ்வாய்க்கிழமை வந்த அம்மாள் இன்னொரு குடையோடு நின்றிருந்தார். அவர் முன்னால் ஃபோனை நீட்டி, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினான்.

"அம்மா, எங்க வெப்சைட்டுல எதைப் பாத்து வந்தீங்க? ரெண்டு வார்த்தை சொல்லுங்க, அதையும் போட்டுடறேன்."

"வெப்சைட்டா? அதெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாது தம்பி. ஒரு வருஷமா பார்க் பெஞ்சுல உக்காந்து பெரியவர்தான் எங்க எல்லாருக்கும் குடை சரிபண்ணித் தராரு. மழையில அங்க உக்கார முடியல, மகளுக்குப் பயந்து வீட்டுக்கும் கூப்பிட முடியல. இப்ப மாப்பிள்ளையை வெச்சு ஒரு வழி பண்ணிட்டேன், தைரியமா வாங்கன்னு சொன்னாரு."