பேரோட மாப்பிள்ளை

"புதுப் பேரு இன்னா? சத்தமாச் சொல்லுப்பா" என்று நோட்டரி வக்கீல் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

கனகராஜ் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

வேலூர் லாங் பஜாரில் ஒரு வெங்காய மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது வக்கீலின் ஆபீஸ். கீழே கைவண்டிக்காரர்கள் போட்ட சண்டை மேலே ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. கனகராஜின் குரல் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கே கேட்கவில்லை.

"அதான் சார் பத்திரத்துல டைப் அடிச்சிருக்கே."

"அடிச்சவரு முக்தார் அகமது. பேரை மாத்திக்கிறது நீ. நீ வாயால சொல்லணும், நான் காதால கேக்கணும். அப்புறந்தான் சீலு."

கூட வந்திருந்த சர்தார் பாஷா விலாவில் இடித்தான். "சொல்லித் தொலை தோஸ்த். ஆம்பூர் பஸ்ஸு போய்டும்."

கனகராஜ் விளக்கெண்ணெய் குடிக்கிறவனைப் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கனகராஜ் செங்கல்வராயன்."

'டம்' என்று சீல் விழுந்தது. மூன்று வருஷத்துச் சபதம் அதோடு முடிந்தது.

செங்கல்வராயன் என்பவர் வேறு யாருமல்ல, கனகராஜின் மாமனார். குடியாத்தத்தில் லுங்கித் தறிகள் போட்டிருப்பவர். கல்யாணத்தன்று, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கும் மாப்பிள்ளை மணவறைக்கு வந்தபோது, இருநூறு பேர் முன்னால் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம் என்று மாமியார் பிறகு சொல்லிப் பார்த்தாள். யார் நம்புவார்கள்? பந்தியிலிருந்து பாதியில் எழுந்த கனகராஜ், 'இந்தாளு பேரை இனிமே என் வாயால சொல்ல மாட்டேன்' என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தான். அதன் பிறகு அந்தப் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்ததில்லை.

அந்தப் பேரை வைத்துத்தான் விதி விளையாடியது.

மனைவி சுந்தரி மேற்கு ஜெர்மனியில் நர்ஸ். மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் இருவரும் சேர்ந்திருந்தது எழுபத்தொரு நாள். அதில் பதினொரு நாள் கனகராஜுக்கு டைபாயிடு. 'இந்தக் குளிர்காலம் வருவதற்குள் நீங்கள் வந்துவிட வேண்டும்' என்று போன மாதம் எழுதியிருந்தாள். 'இங்கே எல்லோருக்கும் குடும்பப் பேர் வேண்டும். நம் பக்கம் அது கிடையாது என்றால் இவர்களுக்குப் புரியவில்லை. என் காகிதங்களிலெல்லாம் அப்பா பேரைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். கதவில்கூட செங்கல்வராயன் என்று பலகை மாட்டியாகிவிட்டது. என்னுடையதை மாற்றினால் நர்ஸ் சர்டிபிகேட்டிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற ஒரு வருஷம் ஆகும். உங்கள் பாஸ்போர்ட்டைத்தான் புதுப்பிக்க வேண்டுமே, அதிலேயே அந்தப் பேரைச் சேர்த்துவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியும். அப்புறம் உங்கள் இஷ்டம்.'

இஷ்டமா! கடிதத்தை நான்கு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். ஐந்தாம் நாள் முக்தார் அகமதுவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் படி ஏறினான்.

சீல் போட்ட பத்திரத்தை வாங்கிப் பார்த்த முக்தார் அகமது, "இது மட்டும் பத்தாது கனகு. பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும்" என்றார்.

கனகராஜுக்கு வியர்த்தது. "பேப்பர்லயா? ஊரே படிக்குமே பாய்! யாரும் படிக்காத பேப்பரா ஒண்ணு சொல்லுங்க."

"வட ஆற்காடு முழக்கம். அத எடிட்டரே படிக்கிறதில்ல."

வியாழக்கிழமை விளம்பரம் வந்தது. ஆம்பூர் காதர்பேட்டை, காலஞ்சென்ற தனகோடியின் மகன் கனகராஜாகிய நான் இன்று முதல் கனகராஜ் செங்கல்வராயன் என்று அழைக்கப்படுவேன் என்று, மூலநோய் மருந்துக்கும் மாட்டுச் சந்தை அறிவிப்புக்கும் நடுவில், மூன்றே வரி.

மூன்று வரியும் கனகராஜின் கண்ணுக்கு முழம் முழமாகத் தெரிந்தது. யோசித்தான். விடியற்காலையிலேயே ரயில்வே ஸ்டேஷன் வாசல் பெட்டிக்கடைக்குப் போய், அங்கே வந்திருந்த 'முழக்கம்' இருபத்திரண்டையும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான்.

கடைக்காரர் வாயைப் பிளந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பேப்பர் ஒருநாளும் விற்றுத் தீர்ந்ததில்லை.

ஒன்பது மணிக்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. தனகோடி மகனுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது. யாருக்கும் தெரியக்கூடாதென்று பேப்பரையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டான். எவ்வளவு? ஒரு லட்சம். பத்து மணிக்கு அது மூன்று லட்சமாயிற்று. பதினொரு மணிக்கு வாணியம்பாடி பஸ்ஸில் ஆள் அனுப்பி அந்தப் பேப்பரில் ஒன்றை வரவழைத்து, சலூனில் வைத்து, ஒருவர் படிக்க நாற்பது பேர் கேட்டார்கள்.

மத்தியானம் ஷாப்புக்குள் நுழைந்த கனகராஜை முதலில் வரவேற்றது தோலை ஊறவைத்துச் சுற்றும் டிரம்மை ஓட்டும் செல்லப்பன்.

"செங்கல்வராயன் சார்! ரெண்டாம் நம்பர் டிரம்மு நின்னு போச்சு சார்!"

"யோவ், மரியாதையா பேசு."

"அதான் சார்னு சொல்றேனே. வீட்டோட மாப்பிள்ள கேள்விப்பட்டிருக்கோம். பேரோட மாப்பிள்ள இப்பத்தான் பாக்குறோம்!"

சாயங்காலத்துக்குள் பதனிட்ட தோல் கட்டு ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் 'செ' என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். தெருவுக்குள் வந்தால் அங்கேயும் அதே பாட்டு. இரண்டு வாரம் பொறுத்தான். மூன்றாவது வாரம் சர்தார் பாஷாவிடம் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பேஜாராப் போச்சு தோஸ்த். ஜெர்மனி போறதுக்குள்ள நான் ஏர்வாடிக்குப் போய்டுவேன் போலருக்கு."

"வாயை அடைக்கணும்னா வாயில எதுனா போடணும்" என்றான் சர்தார் பாஷா. "ஒரு டேக்சா பிரியாணி போடு. அடுப்ப நான் பாத்துக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டை முழுக்க கனகராஜ் செலவில் பிரியாணி தின்றது. எலும்பைக் கடித்துக்கொண்டே எல்லோரும் சத்தியம் செய்தார்கள். இனிமேல் அந்தப் பேரை யாரும் எடுப்பதில்லை. யார் வந்து கேட்டாலும் நம் கனகராஜ் வெறும் கனகராஜ்தான். எதிர்வீட்டுப் பங்கஜம் ஒருபடி மேலே போய், "உப்பு போட்டவனைக் காட்டிக் குடுக்க மாட்டேன் கண்ணு. நீ நிம்மதியா இரு" என்றாள்.

கனகராஜ் நிம்மதியாக இருந்தான். ஆறு நாள்.

சனிக்கிழமை, அவன் ஷாப்பில் இருந்த நேரத்தில், பாஸ்போர்ட் விசாரணைக்காகக் கான்ஸ்டபிள் ரத்தினசாமி சைக்கிளில் தெருவுக்குள் வந்தார்.

"கனகராஜ் செங்கல்வராயன் வீடு எதும்மா?"

பங்கஜம் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "அப்படி யாரும் இங்க இல்லீங்களே."

"பதினாறாம் நம்பர்னு போட்டிருக்கு?"

"பதினாறுல இருக்கிறது வெறும் கனகராஜுங்க. ரொம்ப நல்ல புள்ள."

கான்ஸ்டபிள் ஏழு வீட்டில் கேட்டார். ஏழு வீடும் பிரியாணிக்கு விசுவாசமாக இருந்தது. எட்டாவது வீட்டில் அவர், "இல்லாத ஆளுக்கு பாஸ்போர்ட்டா? கள்ளக் கேஸா இருக்கும் போலருக்கே!" என்று குரலை உயர்த்தவும், பின்னாலேயே வந்திருந்த பங்கஜம் பயந்துவிட்டாள்.

"செங்கல்வராயன்னா குடியாத்தத்துல தறி வச்சிருக்காரு ஒருத்தரு. அங்க போய்க் கேளுங்க" என்று கையைக் காட்டிவிட்டாள்.

விஷயத்தைக் காதில் வாங்கிய சர்தார் பாஷா ஷாப்புக்கு ஓடி வந்தான். கனகராஜ் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே குடியாத்தம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து பின் சீட்டுக்குப் போனதைக்கூட அவன் கவனிக்கவில்லை. அவன் கணக்கெல்லாம் ஒன்றே ஒன்றுதான். மாமனார், 'இவன் யாரோ எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாஸ்போர்ட் கிழிந்தது. ஜெர்மனி போச்சு. சுந்தரி போச்சு. எழுபத்தொரு நாள் எழுபத்தொரு நாளாகவே நின்றுவிடும்.

தறிக் கொட்டகையில் கான்ஸ்டபிள் நாற்காலியில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே, துண்டை இடுப்பில் கட்டியபடி, செங்கல்வராயன்.

வாசலில் மூச்சிரைக்க வந்து நின்ற மருமகனை அவர் மேலும் கீழும் பார்த்தார். குரோமும் சாயமும் தோய்ந்த ஏப்ரன். அந்தக் கொட்டகையில் அதுவரை அடித்திருக்கவே முடியாத ஒரு வாசனை.

"இதோ வந்துட்டாரே. இவருதான் உங்க பேரைப் போட்டுக்கிட்டவரு" என்றார் கான்ஸ்டபிள். "இவரு உங்களுக்கு யாரு? தெரியுமா, தெரியாதா? யோசிச்சுச் சொல்லுங்க. ரிப்போர்ட் மேல போகணும்."

செங்கல்வராயன் கையைத் தூக்கினார். தறிகள் நின்றன. அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

கைக்குட்டைதான் வரப்போகிறது என்று கனகராஜ் தலையைக் குனிந்தான்.

வந்தது நாலாக மடித்த ஒரு காகிதம். 'வட ஆற்காடு முழக்கம்.' மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது.

"தினம் இத எடுத்துப் படிக்கிறேன்யா" என்றார் செங்கல்வராயன். "நாலு பொட்டப் புள்ளைங்க எனக்கு. எல்லாம் கட்டிக்குடுத்தாச்சு. எனக்கப்புறம் இந்தப் பேர எவன் சுமப்பான்னு இருந்தேன். நான் கை நனைக்க விடாம விரட்டின புள்ள, தானா எடுத்துப் போட்டுக்கிச்சு."

"மாமா, அது வந்து..." என்று கனகராஜ் ஆரம்பித்தான்.

"இன்னும் இன்னா மாமா?" என்று அதட்டிய செங்கல்வராயன், நேராக வந்து ஏப்ரனோடு அவனைக் கட்டிக்கொண்டார். நன்றாக மூச்சை இழுத்தார். "ஒரு நாத்தமும் இல்லியே!" என்றார். பிறகு கான்ஸ்டபிள் பக்கம் திரும்பி, நெஞ்சில் ஓங்கித் தட்டினார்.

"எழுதிக்கய்யா. எம் புள்ள! இவன் எம் புள்ள! எங்க வேணா வந்து சொல்றேன்!"

கனகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா தனகோடி போனபிறகு அவனை அப்படி யாரும் கட்டிக்கொண்டதில்லை. கான்ஸ்டபிளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினார். அவர் போகும்போது இரண்டு லுங்கி கக்கத்தில் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து ரெஜிஸ்டர் தபாலில் பாஸ்போர்ட் வந்தது. முதல் பக்கத்தில் 'கனகராஜ் செங்கல்வராயன்' என்று படித்ததும் ஷாப்பே கைதட்டியது. அத்தனை பேர் கையும் எண்ணெய்க் கை. அதற்குமேல் ஒருவரையும் புரட்ட விடாமல் சர்தார் பாஷா அதைப் பிடுங்கி பாலிதீன் பையில் போட்டு, மெழுகுவத்தியால் வாயை ஒட்டியே கொடுத்துவிட்டான். மெட்ராஸுக்கு வழியனுப்ப குடியாத்தத்திலிருந்து மாமனாரே வந்தார். புது லுங்கி ஆறு, சுந்தரிக்கு முறுக்கு ஒரு டின்.

விசா ஆபீஸில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்தாள். பாலிதீன் பையைக் கத்தரியால் வெட்டினாள். பாஸ்போர்ட்டை இடது பக்கம் வைத்தாள். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த சுந்தரியின் காகிதத்தை வலது பக்கம் வைத்தாள். இரண்டுக்கும் நடுவில் கல்யாண சர்டிபிகேட்டை விரித்தாள். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, அங்கே ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"எல்லாம் ஒண்ணாத்தானே மேடம் இருக்கு?" என்றான் கனகராஜ், முகமெல்லாம் பல்லாக. "சுந்தரியும் நானும் ஒரே குடும்பம். அதுல ஒரு சந்தேகமும் வேணாம். போலீஸே விசாரிச்சு எழுதியிருக்காங்க."

"ஆமா, தெளிவாத்தான் எழுதியிருக்காங்க" என்று சிரித்த அந்தப் பெண்மணி, எல்லாவற்றையும் அடுக்கி அவன் பக்கமே தள்ளினாள்.

"அவங்களுக்கும் அப்பா செங்கல்வராயன், உங்களுக்கும் அப்பா செங்கல்வராயன். தங்கச்சிக்காக இவ்ளோ தூரம் அலையிறீங்களே, உங்கள மாதிரி அண்ணன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் சார். ஆனா இந்த விசாவுக்கு அண்ணன் வந்தா செல்லாது. உங்க மச்சான், அந்த தனகோடி மகன் கனகராஜ், அவரை நேர்ல வரச் சொல்லுங்க."