சிம் ஸ்லாட் உடைந்த வாரம்

மனித குலத்தின் விடுதலைக்காக இதுவரை எத்தனையோ பேர் சிறை சென்றிருக்கிறார்கள், நாடு கடந்திருக்கிறார்கள், மேடைகளில் தொண்டை வறளப் பேசியிருக்கிறார்கள். ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை நான்காக மடித்துச் செல்போனுக்குள் திணித்தாலே போதும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது தோன்றிய ஒரே மனிதனின் வரலாறு இது.

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் 'எழுநூறு பக்கம்'. அதற்குக் குறைந்த புத்தகத்தை அவன் கையில் யாரும் பார்த்ததில்லை. எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். பனி பொழியும் ஜன்னலோரம் யாரோ ஒருவர் யாருக்காகவோ காத்திருக்கும் நாவல்கள். அவற்றில் யாருக்கும் போன் வராது. கடிதம் வரும், அதுவும் நூறு பக்கத்துக்கு ஒன்று. அவன் ஜன்னலுக்கு வெளியே பனி பொழியவில்லை, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் நிரம்பி வழிந்தது. அவன் பெருந்தன்மையோடு அதையே பனியாக ஏற்றுக்கொண்டு வாழ்ந்து வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சீமாட்டி ஒருத்தி தன் காதலைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் போன் அடித்தது. அக்கா.

"டேய், அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி உன் ஆபீசுக்கு ரெண்டு தெரு தள்ளிதான். எனக்கு ஸ்கூல்ல பரீட்சை டியூட்டி, இந்த ஊர்லேருந்து கிளம்பி வர முடியாது. நீதான் கூட இருந்து கையெழுத்துப் போடணும். தேதி மாறினாலும் மாறுமாம். நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. போனை எடு."

"எடுக்கறேன்க்கா."

"போன மாசமும் இதையேதான் சொன்ன."

அவன் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. சிம் கார்டு தளர்ந்து ஆடுகிறது, இறுக்கினால் சரியாகிவிடும் என்று அவன் முடிவு செய்தான். நாவலில் அடையாளத்துக்கு ஒட்டியிருந்த மஞ்சள் தாளை உரித்து, மடித்து, கார்டின் மேல் வைத்து சிம் தட்டை உள்ளே தள்ளினான். உள்ளே போனது வெளியே வரவில்லை. நகவெட்டியின் முனையால் நெம்பினான். 'டிக்' என்று ஒரு சத்தம். தட்டும் கார்டும் கைக்கு வந்தன. தாள் உள்ளேயே தங்கிவிட்டது. எத்தனை முறை கார்டைச் செருகினாலும் திரையில் 'சிம் இல்லை' என்றே வந்தது.

சாதாரண மனிதனாக இருந்தால் கடைக்கு ஓடியிருப்பான். இவன் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குத் திரும்பினான். சீமாட்டி எந்த இடையூறும் இல்லாமல் காதலைச் சொல்லி முடித்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இதைச் சிலர் பொறுப்பின்மை என்பார்கள். அவன் 'திட்டமிடல்' என்றான்.

அவன் வேலை பார்த்த இடம் 'பொதுமக்கள் தொலைபேசிக் குறைகேட்புப் பிரிவு'. பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு தொலைபேசி. தெருவிளக்கு எரியவில்லை, குழாய் உடைந்துவிட்டது என்று ஊர் நாள் முழுக்க அங்கே கூப்பிடும். திங்கட்கிழமை காலை மேலாளர் அவன் மேஜைக்கே வந்துவிட்டார். முந்தின வாரம்தான் 'பணியாளர் மன நல்வாழ்வு' பற்றி இரண்டு நாள் பயிற்சி எடுத்துத் திரும்பியிருந்தார். கண்ணில் இன்னும் அந்த ஒளி இருந்தது.

"என்ன எழுநூறு, காலைல இருந்து கூப்பிடறேன், லைனே போகலையே?"

"போன்ல சிம் இல்லை சார்."

"இல்லைன்னா?"

ஒட்டுத்தாளை மடித்து வைத்தேன், நகவெட்டியால் நெம்பினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கையில் நாவல் இருந்தது. கையில் நாவல் இருக்கும்போது அப்படிப்பட்ட வாக்கியங்கள் அவனுக்கு வருவதில்லை.

"விட்டுட்டேன் சார்."

"விட்டுட்டியா? வேணும்னேவா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவன் படிக்கும் நாவல்களில் அது ஒரு பதில்.

மேலாளர் உருகிப்போனார். மதியத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. 'நமது பிரிவில் இவ்வாரம் "தொடர்பறு வார"மாக அனுசரிக்கப்படும். வியாழன் காலை பத்து மணிக்கு, கைபேசியைத் துறந்த நம் சக ஊழியர் சிறப்புரை ஆற்றுவார். வராதவர்களுக்குப் போன் செய்து நினைவூட்டப்படும்.'

செவ்வாய் மாலை, யாரும் பார்க்காதபடி, துறவி ரிப்பேர் கடைக்குப் போனார். ஜெராக்ஸ் கடையை ஒட்டிய குறுகலான கடை. நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிய ரிப்பேர்க்காரம்மா போனைத் திறந்து பார்த்தாள்.

"உள்ள என்னத்தை வச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கலைங்களே."

அவள் இடுக்கியால் மஞ்சள் தாளை இழுத்தெடுத்தாள். பிரித்தாள். வாய்விட்டுப் படித்தாள்: "'இந்த இடம் அற்புதம். திரும்பப் படிக்கணும்.' எதைங்க, சிம் கார்டையா?"

அவன் விளம்பரப் பலகையைக் கவனமாகப் படித்தான்.

"சிம்மைத் தொடற ஆறு ஊசில நாலு மடங்கிப்போச்சு, ஒண்ணு பிஞ்சே வந்துடுச்சு. நிமித்தி வேலைக்காகாது, ஸ்லாட்டையே மாத்திடறேன். அரை மணி நேரம். உட்காருங்க."

அவன் உட்காரவில்லை. மேடையில் நின்று துறவைப் பற்றிப் பேசும்போது சட்டைப் பையில் போன் அடித்தால் கொள்கைக்கு இழுக்கல்லவா?

"அவசரமில்லைங்க. வியாழக்கிழமை மத்தியானம் வாங்கிக்கறேன்."

"அரை மணி நேர வேலைங்கறேன்."

"அதுக்கு முன்னாடி சரியாயிடக் கூடாதுங்க."

அவள் பூதக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வெறுங்கண்ணால் அவனைப் பார்த்தாள். "சீக்கிரம் குடுங்கன்னு அழுதவங்களைப் பார்த்திருக்கேன். லேட்டாக் குடுங்கன்னு கேக்கற முதல் ஆள் நீங்கதான் தம்பி. போலீஸ் தேடுதா?"

"இல்லைங்க. சொற்பொழிவு."

"அதுக்குப் போலீசே தேவலாம்," என்று அவள் போனையும் சிம்மையும் ஓர் உறைக்குள் போட்டாள்.

அக்காவின் எண்ணை ஒரு தாளில் எழுதி வந்திருந்தான். அலுவலகத்துப் போனில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று புதன்கிழமை முழுக்க நினைத்தான். நன்றாக நினைத்த காரியம் பாதி செய்து முடித்ததுபோல ஒரு நிறைவைத் தந்ததால், மீதியை அப்படியே விட்டுவிட்டான்.

வியாழன் காலை பத்து மணிக்கு மேலாளர் தன் கையாலேயே பன்னிரண்டு தொலைபேசிகளின் வயர்களையும் பிடுங்கினார். அறையில் அப்படியோர் அமைதி. தட்டச்சு செய்யும் அம்மாள் மட்டும் கை தூக்கினார்.

"சார், எங்கயாவது பைப் வெடிச்சா ஜனங்க கூப்பிடுவாங்களே?"

"கூப்பிடட்டும். நாம கேக்காம இருக்கறதுதாம்மா பயிற்சி."

பிறகு அவன் பேசினான். நாற்பது நிமிடம். பனியைப் பற்றி, காத்திருப்பதன் மேன்மையைப் பற்றி, 'நம்மை அழைப்பவர்கள் உண்மையில் நம்மையா அழைக்கிறார்கள்?' என்பதைப் பற்றி. கடைசி வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூங்கி எழுந்ததால் என்று பிற்பாடு தெரிந்தது. அன்று காலை பதிவான குறைகளின் எண்ணிக்கை பூஜ்யம். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து எட்டப்படாத சாதனை. மேலாளர் அதை அறிவித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவனுக்கு 'மௌனச் செம்மல்' என்று சான்றிதழ் தரப்பட்டது.

சான்றிதழைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம் கடைக்குப் போனான். கடை பூட்டியிருந்தது. ஷட்டரில் ஒரு தாள்: 'ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். அவசரம் என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடவும்.'

அதில் இருந்தது அவனுடைய நம்பர்.

மூன்று முறை படித்தான். பிறகு ஜெராக்ஸ் கடைக்காரரின் போனை வாங்கி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைத் தானே கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"ஹலோ, சொல்லுங்க."

"நான்... அந்தப் போனுக்குச் சொந்தக்காரன்."

"வாங்க தம்பி. சொற்பொழிவு நல்லா நடந்துச்சா?" ரிப்பேர்க்காரம்மா. "காலைல ஸ்லாட்டை மாத்திட்டு, வேலை செய்யுதான்னு பார்க்க சிம்மைப் போட்டேன். போட்ட நிமிஷமே உங்க அக்கா. ஆபரேஷன் இன்னைக்கே வச்சுட்டாங்களாம், அம்மா தனியா பஸ் ஏறி வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறாங்கன்னு ஒரே அழுகை. மறுபடி கூப்பிடுவாங்களேன்னு உங்க போனையே கையில எடுத்துட்டு ஓடிவந்தேன். அவங்க குடுத்த உங்க ஆபீஸ் நம்பர் பன்னெண்டுக்கும் அடிச்சுப் பார்த்தேன். ஒண்ணுகூட எடுக்கல. ஊர்க்குறை கேக்கற ஆபீஸ்தானேங்க அது?"

"அம்மா எப்படி... கையெழுத்து யாரு..."

"நான்தான் போட்டேன். 'நோயாளிக்கு என்ன உறவு'ன்னு கேட்டாங்க. 'போன் ரிப்பேர்'னு எழுதினேன். ஒத்துக்கிட்டாங்க. இந்தாங்க, அம்மா பேசணுங்கறாங்க."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"யாரு, நீயாப்பா? ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, பயப்படாத. சாப்பிட்டியா?"

"அம்மா... என் போன் உடைஞ்சு போச்சும்மா. அதனாலதான்..."

"தெரியும்ப்பா, இந்தப் பொண்ணு சொன்னா. என்னமா ரிப்பேர் பண்ணியிருக்கா! காலைல இருந்து உன் நம்பருக்கு உங்க அக்கா அஞ்சு தடவை, நான் வாசல்ல நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டோம். ஏழு தடவையும் எடுத்தாங்கப்பா. வாங்கின புதுசுலகூட அது இப்படி வேலை செஞ்சதில்லையே!"