நெல் மெசினுக்குத் தமிழ் வரவில்லை

"ஒரு கிழமையா இங்கிலீசிலதான் கதைக்கிது," என்றாள் வதனி. "தமிழில வரும் எண்டுதானே தந்தீங்க? மூண்டு மணிக்குள்ள வராட்டி மெசினத் திருப்பி அனுப்பிருவன் தங்கச்சி."

உன்னிச்சைப் பக்கத்து நெல் கொள்வனவு நிலையமொன்றின் முகாமையாளர் வதனி. மெசின் நெல்லின் ஈரத்தை அளந்து, வாங்கலாமா கூடாதா என்று திரையில் சொல்லும். அதற்குள் ஓடுகிற சி மொழி நிரலை எழுதியவள் நிருஷா. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அவள் தனியாக எடுத்த முதல் வேலை இது. மெசின் திரும்பிப் போனால் அவளை நம்பி இன்னொரு வேலை தர ஆளில்லை.

"நேத்தும் இப்பிடித்தான் புள்ள," என்றார் மெசினை இயக்கும் சாமித்தம்பி, அனுதாபத்தோடு.

திரையில் வரும் தமிழ்ச் செய்திகள் தனிக் கோப்பில் கிடக்கும். நிரல் அதைத் தேடிப் பிடித்து வாசிக்க வேண்டும். தேடுகிற இடம்தான் பிழை என்று முடிவு கட்டிய நிருஷா, மொழி அமைப்பை மாற்றி எல்லாவற்றையும் புதிதாக நிறுவினாள். திரை முழுக்கக் கேள்விக்குறிகள் வந்தன.

"இதென்னகா, மெசின் நம்மளிட்டக் கேள்வி கேக்குதா?" என்றாள் வதனி.

"தமிழ்தான் அக்கா. எழுத்துக் குறியீடு மாறிட்டுது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று நொந்தபடி குறியீட்டைத் திருத்தினாள். கையோடு, அந்தக் குழப்பத்தில் அழிந்துபோன சில செய்திகளையும் நிரப்பினாள். நிரப்பும் கருவி, தமிழ் இல்லாத வசனத்துக்கு அதைப்போன்ற இன்னொரு வசனத்தின் தமிழை ஊகித்துப் போட்டுவிடும். அவசரத்தில் அதைச் சரிபார்க்க அவளுக்கு நேரமில்லை.

அந்த நேரம் பார்த்து ஆச்சிப்பிள்ளை தன் வட்டை வயலில் அறுத்த நெல்லோடு வந்தாள். சாக்கின் அடியில் தண்ணீர் சொட்டியது. திரை அழகான தமிழில் சொன்னது: "நெல் நன்றாகக் காய்ந்துள்ளது. ஏற்றுக்கொள்ளப்பட்டது."

"பாத்தயா சாமித்தம்பி! மெசினுக்கு நெல்லத் தெரியிது, உனக்குத்தான் தெரியாது!" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

சாமித்தம்பி சாக்குக்குள் கையை விட்டு எடுத்தார். முழங்கை வரை ஈரம். "முளைக்காததுதான் குறை," என்றார்.

நிருஷா வெட்கத்தோடு ஊகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தி, மறுபடியும் நிறுவினாள். அதே நெல்லை அளந்தார்கள். "ஈரம் அதிகம். நெல் நிராகரிக்கப்பட்டது."

ஆச்சிப்பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு வாயைத் திறந்தாள்.

"ஆர்ர நெல்ல ஆரு நிராகரிக்கிற? நாலு மாசம் சேத்துக்குள்ள நிண்டவள் நான்! டேய் சாமித்தம்பி, வெளிய வாடா!"

கால் மணி நேரம் சாமித்தம்பி மெசினுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். நிருஷாவுக்கோ உள்ளூர மகிழ்ச்சி. தான் போட்ட தமிழை ஒருத்தி வாசித்து, விளங்கி, கோபப்பட்டும் விட்டாளே! நிம்மதியாகப் போய்த் தேத்தண்ணி குடித்தாள்.

திரும்பி வந்தால் திரையில் ஆங்கிலம்.

"மறுகாவும் இங்கிலீசு வந்திட்டுது புள்ள," என்றார் சாமித்தம்பி.

கோப்பு இருந்தது. பாதை சரி. குறியீடும் சரி. ஒன்றும் விளங்காமல் இன்னொரு தரம் நிறுவினாள், தமிழ் வந்தது. ஓடிப்போய் வதனியைக் கையோடு கூட்டி வந்தாள். ஆங்கிலம்!

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. "லொறிக்குச் சொல்லட்டா?" என்று வதனி போனை எடுத்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் நிருஷாவுக்குத் தாங்கவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இரிக்கி அக்கா. ஏன் மாறுது எண்டுதான் தெரியல்ல," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

சாமித்தம்பி மெசினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டார்.

"அழாத புள்ள, நீ வெச்ச மொழிப் பொத்தான அமத்தி ஒரு கிழமையா இங்கிலீசுக்கு மாத்துறது நான்தான், 'ரெண்டு நாள் காயப்போட்டுக் கொண்டு வரட்டாம், மெசின் சொல்லுது' எண்டு நான் சொன்னாச் சிரிச்சிக்கொண்டு போற சனம், உன்ட தமிழ வாசிச்சா என்ட மண்டைய அல்லவா உடைக்க வருகிது!"