முன்னால் நெருப்பு, முதுகில் ஐஸ்

குனிந்த நல்லசிவம் நிமிரவில்லை.

சிவகாசியில் அவருடைய அச்சகத்தில் பட்டாசு லேபிள் கட்டு ஒன்றைத் தூக்கப் போனவர், ஒரு கையில் கட்டும் மறுகையில் இடுப்புமாக அப்படியே நின்றார். எதையோ தேடுகிறார் போலும் என்று மெஷின்மேன் பாலகுருவும் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"எதத் தொலைச்சீக முதலாளி?"

"முதுகத் தொலைச்சுட்டேன்லே. தூக்கி நிறுத்து."

வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இன்னும் மூன்றே நாளில், அவர் குடியிருக்கும் விருதுநகரில் பங்குனிப் பொங்கல். அக்கினிச்சட்டி எடுப்பதாக மாரியம்மனுக்கு வேண்டியிருந்தார். போன வருஷம் மனைவி சொர்ணலட்சுமிக்கு இடுப்பு வலி வந்து, கீழே விழுந்த கரண்டியை எடுக்கக்கூட ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. "அவளக் குணமாக்கு தாயே, சட்டி எடுக்கேன்" என்று நேர்ந்தார். செவ்வாய், வெள்ளி தவறாமல் அவளும் கோயிலுக்குப் போய் வந்தாள். நாலே மாதம். இப்போது நிறைகுடத்தை ஒற்றைக் கையால் தூக்குகிறாள்.

தனக்கு முதுகு பிடித்தது தெரிந்தால், "தள்ளுங்க, நான் எடுக்கேன்" என்று அவளே சட்டியைத் தூக்கிவிடுவாள். போன வலி திரும்பி வந்தால்?

அதனால் வீட்டுக்குத் தெரியாமல், முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்யும் 'கைரோபிராக்டிக்' என்று பலகை தொங்கிய டாக்டர் தருண்குமாரிடம் போனார். இதே பலகையைக் காட்டி, "போய்ப் பாப்பமா?" என்று சொர்ணலட்சுமி போன வருஷம் கேட்டபோது, "எலும்ப முறிச்சுக் கையில குடுத்துருவான்" என்று தடுத்தவர் இவர்தான்.

டாக்டர் குப்புறப் போட்டு அழுத்தினார். மடக், மடக்கென்று எல்லா மூட்டும் சொடுக்கு விட்டது.

"துணியில சுத்தி ஐஸ் வைங்க சார். பதினஞ்சு நிமிஷம்தான். ரெண்டு மணி நேரம் விட்டு மறுபடி வைக்கலாம். கனமா எதையும் தூக்கக் கூடாது."

நல்லசிவம் தலையாட்டினார். உடம்பில் வலிக்காமல் ஆடியது தலை மட்டும்தான்.

வீட்டிலிருந்து கொண்டுபோன பச்சைக் கட்டம் போட்ட துண்டை ஐஸ் கடை முனியசாமியிடம் நீட்டினார். முனியசாமி துண்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி துண்டைப் பார்த்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பொடிசா ஒடைச்சுத் தாரேன்."

"வீட்டுல சொல்லிராத."

"நான் ஏன் சொல்லப் போறேன்? ஐஸ் வாங்குறவுக எல்லாரும் இதத்தான் சொல்லுதாக."

பதினைந்து நிமிஷமே நல்லது என்றால் ஒரு மணி நேரம் இன்னும் நல்லதுதானே? சாய்வு நாற்காலியில் ஐஸோடு சாய்ந்து தூங்கியே போனார். விழித்தபோது முதுகு இருக்கிற இடமே தெரியவில்லை. நாற்காலிக்கு அடியில் குளம்.

"என்னங்க, இங்கன எப்படித் தண்ணி?"

"வேர்வை."

"ஃபேன் ஓடுதே?"

"உள் வேர்வை."

சொர்ணலட்சுமி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

மறுநாள் திருவிழா ஜூஸ் கடைகளுக்கே ஐஸ் பற்றவில்லை. கையை விரித்துவிட்டார் முனியசாமி. தெருவில் வந்த வண்டியில் ஆறு சேமியா ஐஸ் வாங்கித் துண்டில் சுருட்டிக் கட்டிக்கொண்டு, கட்டிலில் மல்லாந்தார் நல்லசிவம். சுகமாகத்தான் இருந்தது. சர்க்கரைப் பாகு சுவர் எறும்புகளுக்கு எட்டும்வரை.

முதல் கடியில் எழுந்தார். இரண்டாம் கடியில் குதித்தார். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

"ஏத்தா, அண்ணாச்சிக்கு அருள் வந்துருச்சு!" என்று பக்கத்து வீட்டு ராமுத்தாய் வேப்பிலையோடு ஓடி வந்தாள். "தாயே, எம் மகனுக்கு வேல கெடைக்குமா?"

"கெடைக்கும், கெடைக்கும்! மொதல்ல தண்ணிய ஊத்துங்க!"

நாலு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். எறும்பு போனது. குதித்ததில் முதுகு இன்னும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் பங்குனி வெயிலில் மஞ்சள் வேட்டியோடு சட்டியை ஏந்தினார். முன்னால் கங்கு கனன்றது. பின்னால், இடுப்பில் இறுக்கிக் கட்டிய பச்சைத் துண்டுக்குள் முனியசாமி எப்படியோ தேற்றிக் கொடுத்த இரண்டு கிலோ ஐஸ்.

பாதித் தெருவில் ஐஸ் உருகி வழிய ஆரம்பித்தது. பல் கிடுகிடுத்தது.

"நெருப்ப ஏந்திட்டு நடுங்குதாரு பாரு! ஒடம்பெல்லாம் தண்ணியா ஓடுதே, அம்புட்டும் ஆத்தா அருளு!" ராமுத்தாய் சொட்டிய தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னாலேயே பத்துப் பேர் ஒற்றிக்கொண்டார்கள். அவர் நடையை எட்டிப் போட்டார். கூட்டமும் எட்டிப் போட்டது.

ஒருவழியாகக் கோயிலில் சட்டியை இறக்கி வைத்தார். வாக்கைக் காப்பாற்றிய நிம்மதியில் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சில் முடிச்சு அவிழ்ந்து, துண்டு சொர்ணலட்சுமியின் காலடியில் 'சளக்'கென்று விழுந்தது.

"என்னங்க இது?"

"முதுகு புடிச்சிருச்சு சொர்ணம். ஒனக்குத் தெரிஞ்சா நீ சட்டியத் தூக்கிருவ, வலி திரும்பிருமோன்னுதான் மறைச்சேன்." அவர் தலை குனிந்தார். "ஒனக்குன்னா ஒரே வேண்டுதல்ல ஆத்தா தீத்து வச்சா. எனக்குத்தான் டாக்டரு, ஐஸுன்னு இந்தப் பாடு."

சொர்ணலட்சுமி சட்டென்று கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த முனியசாமி வந்து துண்டை எடுத்துப் பிழிந்தபடி அவளிடம் கேட்டார்:

"நேத்திக்கடன்தான் முடிஞ்சிருச்சே, இப்பச் சொல்லிறலாமாக்கா, போன வருசம் செவ்வாயும் வெள்ளியும் அந்த டாக்டருட்டப் போயிட்டு, இதே துண்டுல ஐஸ் கட்டிட்டுப் போனது நீங்கதான்னு?"