முதுகுக்குப் பின்னால் மழை

ஒயர் ஒரு முழம் குறைந்தது.

நூலகர் கீழறையின் தரையில் மண்டியிட்டு ஒயரை இழுத்துப் பார்த்தார், நீவிப் பார்த்தார், கொஞ்சம் கெஞ்சியும் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால் இருந்த பிளைவுட் தடுப்பில் அவரே மாட்டிய இரண்டு குட்டி ஸ்பீக்கர்களும் நமக்கென்ன வந்தது என்று சும்மா இருந்தன.

மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய செட் அது. முன்னால் மூன்று பெட்டி, பின்னால் இரண்டு, மூலையில் குமுறுவதற்கென்றே ஒரு பெரிய பெட்டி. கடைக்காரர் டிவிக்குக் கீழே வைக்கிற ஒற்றை நீளப் பெட்டியைத்தான் சிபாரிசு செய்தார்.

"உங்க பட்ஜெட்டுக்கு இதுதான் சார் உருப்படியான பொருள்."

"பின்னாடி ரெண்டு பெட்டி இல்லாம அது என்னங்க சரவுண்ட் சவுண்ட்? முதுகுக்குப் பின்னால மழை பெய்யணும்!"

"இந்த விலைக்கு ஆறு பெட்டி தர்றதே பெரிய விஷயம் சார். மழை கிழையெல்லாம் ரொம்ப எதிர்பார்க்காதீங்க."

நூலகர் கேட்கிற நிலையில் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'உஷ்' என்று சொல்லியே உதடு குவிந்துபோன மனிதர். ஒருநாளாவது நாலு பக்கமும் சத்தம் சூழ நடுவில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதைத் தவிர அவர் வீட்டில் எதையும் கேட்டதில்லை.

ஆனால் அந்தக் கீழறைக்கு இன்னொரு உரிமைக்காரியும் இருந்தாள். அவர் மனைவி தையல் வேலை செய்பவள். படுக்கையறை மூலையில் மெஷின், கட்டில் நிறைய அடுத்தவர் துணி. யாரோ ஒருவருடைய கை வைக்காத சட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் இருவரும் தினமும் படுக்க முடிந்தது.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றார். அவரே கேட்டுச் சொல்லட்டும்" என்றாள் அவள். "நல்லா இருக்குன்னு சொன்னா கீழறை உங்களுக்கு. இல்லேன்னா பெட்டியெல்லாம் கடைக்குத் திரும்பிப் போகும், என் மெஷின் கீழ இறங்கும். சரிதானே?"

"சரி" என்று சொன்ன பிறகுதான் நூலகருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மைத்துனர் வீட்டில் இதைவிட மூன்று மடங்கு விலையில் ஒரு செட் உண்டு. வாங்கி நாலு வருஷமாகியும் அவர் அதைப் பற்றிப் பேசி முடிக்கவில்லை.

ஒயர் எட்டாததற்கு முதல் வைத்தியமாக நூலகர் சோபாவையும் டிவியையும் நெருக்கிப் போட்டார். இப்போது ஒயர் எட்டியது. ஆனால் டிவி மூக்கை இடித்தது. கதாநாயகனின் ஒரு காது மட்டும் அழகாகத் தெரிந்தது.

இரண்டாவது வைத்தியமாகக் கூடுதல் ஒயர் வாங்கிக் கம்பளத்துக்கு மேலேயே போட்டார். மாமனார் அதில் கால் தடுக்கிச் சோபாவில் போய் விழுந்தார். அவர் ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். கல்யாணமான நாள் முதல் மருமகனை டிக்கெட் இல்லாமல் ஏறிய ஆளாகவே பார்த்துவருகிறவர். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, படம் பார்க்கக் கண்ணு ரெண்டு போதாதா? முதுகும் வேணுமா?"

"இல்லைங்க மாமா, மழை பின்னாடி இருந்து வந்தா..."

"மழை வந்தா நான் உள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

மூன்றாவதாக, ஒயரை மறைக்கத் தடுப்பில் துளை போட்டு அந்தப் பக்கம் இருக்கும் துணி துவைக்கும் அறை வழியாகக் கொண்டுவரத் தீர்மானித்தார். முதல் துளை தப்பான இடத்தில் விழுந்தது. இரண்டாவது துளை அதைவிடத் தப்பான இடத்தில். ஐந்தாவது துளையில் ஒயர் நுழைந்தபோது தடுப்பு சல்லடையாகியிருந்தது.

எல்லாம் மாட்டி, காட்டில் மழை பெய்கிற ஒரு படத்தைப் போட்டார். முன்னால் மூன்றும் பேசின. பின்னால் இரண்டும் மூச்சு விடவில்லை. இந்த முனையை அங்கேயும் அந்த முனையை இங்கேயும் மாற்றிச் செருகினார். உடனே முன்பக்கமும் ஊமையாகி, மூலைப் பெட்டி மட்டும் தனியாகக் குமுறத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேலே மெஷின் நின்றது.

"என்னங்க!" என்று மனைவியின் குரல் வந்தது. "காலருக்குத் தையல் போட்டுக்கிட்டு இருந்தேன். நேரா போனது கடல் அலை மாதிரி போயிருக்கு. இதை யார் கழுத்துல மாட்டுறது?"

கடைக்காரருக்குப் போன் செய்தார். அவர் ரிமோட்டில் ஏதோ இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தச் சொன்னார். அழுத்தியதும் பெட்டி, யாருக்கும் தெரியாத ஒரு பாஷையில் நூலகரிடம் எதையோ உறுதியான குரலில் கேட்டது. பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். முன்பக்கம் உயிர் வந்தது. பின்பக்கம் அப்படியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க மனைவி இறங்கி வந்தாள்.

"விடு. நாளைக்கே கொண்டுபோய்க் கடையில குடுத்துடறேன். அறையை நீயே எடுத்துக்க" என்றார். இருபத்திரண்டு வருஷத்து 'உஷ்' எல்லாம் அந்தக் குரலில் கேட்டது.

அவள் தடுப்பில் இருந்த ஐந்து துளைகளையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஒரு நாள் பொறுங்களேன். புதுப் பெட்டிதானே, பழகணும்ல?" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

சனிக்கிழமை மாலை, கடைசியாக ஒருமுறை என்று அந்தக் காட்டுப் படத்தைப் போட்டார். திரையில் மேகம் கறுத்தது. முதல் துளி விழுந்தது.

அவர் பிடரிக்குப் பின்னால் மழை பெய்தது.

நூலகர் அசையவில்லை. மெல்லத் தூறி, வலுத்து, இலைமேல் சடசடவென்று கொட்டி, ஒரு பக்கமாக ஒதுங்கி மறுபடி திரும்பி வந்தது. கழுத்து சில்லிட்டது. கை தானாகப் போய்ச் சட்டை நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. பிறகு எங்கோ தூரத்தில் ஒரு குதிரை கிளம்பி, அவருக்குப் பின்னாலேயே இடமிருந்து வலமாக ஓடிக் கடந்தது. திரும்பிப் பார்த்தார். இரண்டு குட்டிப் பெட்டிகள். அவ்வளவுதான். இத்தனை பெரிய காடு அதற்குள்ளா இருந்தது? அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓடி வாங்க! எல்லாரும் வாங்க!"

மனைவி மூச்சிரைக்க வந்து நின்றாள். மழை சட்டென்று நின்றது.

"இப்ப வந்துச்சு! சத்தியமா வந்துச்சு! நீ வந்ததும் நின்னுடுச்சு!"

"ஆள் கூடினா ஆகாதோ என்னவோ" என்றாள் அவள்.

நூலகர் அட்டை எழுதிப் பழகியவர். அன்றே ஓர் அட்டையில் விதிகளை எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டினார். சோபாவில் மூன்று பேருக்கு மேல் கூடாது. யாரும் எழுந்து நடக்கக் கூடாது. படம் நடக்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்து ஸ்பீக்கரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் தன் மனைவியோடு வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார், அட்டையைப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. இந்த விலையில பின்னாடி பெட்டிங்கிறது சும்மா அலங்காரத்துக்கு."

"உட்காருங்க மச்சான்" என்றார் நூலகர்.

மனைவி, அவசரமாக ஒரு துணியைத் துவைத்துக் கொடுக்க வேண்டும் என்று நழுவினாள். மாமனாரோ, "எனக்கு இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். நான் போய்ப் படுக்கிறேன்" என்று நகர்ந்தார். நூலகருக்குச் சுருக்கென்றது. மருமகன் ஜெயிப்பதை ஒருநாள் பார்த்தால் என்ன குறைந்துவிடும் இந்த மனிதருக்கு?

படம் ஓடியது. மழை வந்தது. நேற்றையதைவிடப் பெரிய மழை.

மைத்துனர் மடித்து வைத்திருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கினார். அவர் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். குதிரை வந்தபோது மைத்துனர் குனிந்தேவிட்டார். மழை ஓய்ந்து திரையில் வெயிலடித்த பிறகும் பின்னால் இன்னும் ஒரு நிமிஷம் கொட்டியது.

"பார்த்தீங்களா," என்று மைத்துனர் ரகசியக் குரலில் சொன்னார், "காட்டுக்குள்ள மழை விட்டும் இலை சொட்டும். அதைக்கூட விடலை. இதுதான் தரம்!"

நூலகர் பெருமையாகத் தலையை ஆட்டினார்.

"என்கிட்ட இருக்கிற செட்டுக்கு நான் குடுத்த விலை என்ன தெரியுமா? வேண்டாம், சொல்லலை. ஒருநாள்கூட அது என்னை இப்படி நனைச்சதில்லை." எழுந்து நின்று நூலகரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அறை உங்களுக்குத்தான் மாப்பிள்ளை. அடுத்த ஞாயிறு என் ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். அவங்களும் கேக்கணும்!"

அவர்கள் மாடிக்கு ஏறிப் போன பிறகு, நூலகர் அந்த அறையின் நடுவில் தனியாக நின்றார். சின்ன அறை. மங்கலான விளக்கு. துளை விழுந்த தடுப்பு. இதற்குள் ஒரு காடு இறங்கி வந்துவிட்டுப் போனது என்பதை நினைக்க நினைக்க அவருக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. இவ்வளவு கிடைத்தவனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன? ஜன்னல் ஓரத்தில் அவள் மெஷினையும் போட்டுக்கொள்ளட்டும் என்று தோன்றியது. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று சுற்றிக்கொண்டு துணி துவைக்கும் அறைக்கு நடந்தார்.

கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியில் கை வைத்தபோது, உள்ளே மாமனார் மகளிடம் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"தட்டுல பட்டனைக் கொட்டி ஆட்டி ஆட்டி மணிக்கட்டே விட்டுப்போச்சும்மா, அடுத்த ஞாயித்துக்கிழமையாவது மழையை நீ எடுத்துக்க, எனக்குக் குதிரையைக் குடு."